நான் ஒளித்த அரிசி

என் புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதற்குக் காரணம் என்னுடைய பக்தி. குடி இல்லை, சண்டை இல்லை, காட்டுக்காரர்களோடு சகவாசம் இல்லை. பக்திதான். நான் ஆண்டவருக்கென்று எடுத்து வைத்தது என் புருஷன் தலையில் விடிந்தது.

எங்கள் சபையில் பெண்கள் கூட்டத்தில் அவ்வப்போது ஒரு கேள்வி வரும். உலகத்தில் ஏன் இவ்வளவு துன்பம், நல்லவர்களுக்கு ஏன் இப்படி நடக்கிறது என்று யாராவது ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்பாள். உடனே பதில் சொல்ல நாலு பேர் முந்திக்கொள்வார்கள். சோதனை என்பாள் ஒருத்தி. நாம் செய்த பாவம் என்பாள் அடுத்தவள். தங்கத்தை நெருப்பில் போட்டு எடுக்கிறார் என்பாள் இன்னொருத்தி, அவள் அடுப்பில்கூட ஒருநாள் கையைச் சுட்டுக்கொண்டிருக்க மாட்டாள். நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் கூட்டம் கலைந்துவிடும். வயதானால் கோபம் குறையும் என்றார்கள். எனக்குக் குறையவில்லை.

மலாயாவில் மலாக்காவுக்குப் பக்கம், ஜாசினில் பஸ்ஸை விட்டு இறங்கிச் செம்மண் ரோட்டில் முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம். நானும் அவரும் பால்மரம் வெட்டினோம், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. தோட்டத்தில் எங்களைப் போல வேதக்காரர்கள் ஒன்பது குடும்பம்தான், மற்றவர்கள் எல்லாம் மாரியம்மன் கோயில்காரர்கள். வேலைக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டைத் துரை எங்களுக்கு ஜெபவீடாக விட்டுக்கொடுத்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு மலாக்காவிலிருந்து போதகர் பஸ் ஏறி வந்து ஆராதனை நடத்துவார். மற்ற ஞாயிறுகளில் என் புருஷன்தான் ஜெபம் நடத்துவார், ஏனென்றால் அந்த ஒன்பது குடும்பத்தில் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதிர்ந்து பேசாத மனிதர். பாட்டு மட்டும் உரக்கப் பாடுவார், ராகம் எங்கேயோ போகும்.

எங்கள் ஆட்களிடம் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி வேறு பானையில் போட வேண்டும். அது ஆண்டவருடைய பங்கு. வேளைக்கு ஒரு பிடி. மாதம் முடிந்ததும் அதைக் கொண்டுபோய் ஜெபவீட்டில் கொட்டுவோம். விதவைகளுக்கும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும் அந்த அரிசி போகும். என் அம்மா கப்பலில் வந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒரு வெண்கலக் கும்பாவும் இந்த வழக்கமும்தான். கும்பா எப்படியோ தொலைந்துபோனது. வழக்கம் எனக்கு வந்து சேர்ந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரை வைத்திருந்தோம். எப்போதாவது கிடைக்கும் அரிசியில் கஞ்சி வைத்து என் மூத்த பிள்ளைக்குத்தான் ஊட்டுவேன். அதில் போய்ப் பிடி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதினோராவது மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் போய்விட்டான். அவனைக் குழியில் வைத்துவிட்டு வந்து நான் சுவரில் சாய்ந்து கிடந்தபோது சபையில் மூத்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுகிறவள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள். முதுகைத் தடவிக்கொண்டே, பிடி எடுக்கிறதை நிறுத்திவிட்டாயா பிள்ளை என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை நான் எட்டு வருஷம் சுமந்தேன். நான் கையை நிறுத்தினேன், அவர் பிள்ளையை எடுத்துக்கொண்டார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அந்தப் பெண் கெட்டவள் இல்லை. துன்பத்துக்குக் காரணம் தெரியாமல் இருக்க அவளுக்குப் பயமாக இருந்திருக்கும். எனக்கும் அதே பயம்தான், அதனால்தான் அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். சண்டை முடிந்து அரிசி வந்த நாளிலிருந்து ஒரு வேளைகூடப் பிடி எடுக்க நான் தவறியதில்லை. பிறகு ஒரு பெண் பிள்ளை பிறந்தாள். அவளுக்குச் சளி பிடித்தாலும் அன்றைக்கு இரண்டு பிடி எடுப்பேன்.

காட்டுக்குள் துப்பாக்கியோடு பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்து மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, எங்கள் தோட்டத்துக்கு முள்வேலி வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை எல்லாம் காலி செய்து ஒரே இடத்தில் எங்களை அடைத்தார்கள். இரட்டை வேலி, ஒரே ஒரு கேட். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒரு வாய்ச் சோறு, ஒரு துண்டு கிழங்கு வெளியே போகக் கூடாது. அந்தக் காட்டுக்காரர்களைப் பட்டினி போட்டு வெளியே கொண்டுவருவது அரசாங்கத்தின் திட்டம். நாங்களும் மத்தியானம் வரைக்கும் வெறும் வயிற்றோடு மரம் வெட்டினோம். அரிசி கார்டுக்கு அளந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட அரிசி எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது என்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியார், காலையில் எங்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நின்று வாசித்தார். இருந்தால் அது காட்டுக்குப் போகிற அரிசி என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். வேலிக்கு மேலே சின்னச் சின்ன முடிச்சாக அரிசியை வெளியே எறிகிறார்கள் என்று பேச்சு இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேரை அதற்காகக் கொண்டுபோயிருந்தார்கள்.

ரோட்டில் லாரிகளைச் சுடுகிறார்கள் என்று போதகர் வருவதும் நின்றது. ஆனால் கிராணியார் கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். நிலைமை சரியாகும் வரைக்கும் எந்தச் சபையிலும் பிடி அரிசி எடுக்க வேண்டாம், ஏற்கனவே இருப்பதைச் சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. என் புருஷன்தான் அதை ஜெபவீட்டில் எல்லார் முன்னாலும் வாசித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் தனியாக இன்னொரு தடவை சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அந்த வாரமே என் மகளுக்கு உடம்பு கொதித்தது. மூன்று வயதுப் பிள்ளை, கண் சொருகிக் கிடந்தாள். போதகர் வேண்டாம் என்கிறார், துரை வேண்டாம் என்கிறார், ஆனால் ஆண்டவர் வேண்டாம் என்று சொன்னாரா? மூத்தவனை எடுத்தபோது சட்டம் பார்த்தா எடுத்தார்? நான் ஒரு பிடி எடுத்தேன். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு என்னை யார் நிறுத்த முடியும்?

என் சோற்றைக் குறைத்துக்கொண்டு எடுத்தேன். அவருக்கோ பிள்ளைக்கோ குறைக்கவில்லை. ஒரு மாதம் ஆனதும் அதைப் பழைய கைலித் துணியில் முடிந்தேன். அடுத்த மாதத்தது தனி முடிச்சு. ஆண்டவருடையது வீட்டு அரிசியோடு கலந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முடிச்சின் மேலும் அடுப்புக்கரியால் ஒரு சிலுவை போட்டேன். மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் முடிச்சுகளை வைத்து, விறகு அடுக்குக்குப் பின்னால் தள்ளினேன். போதகர் திரும்ப வருகிற அன்றைக்கு மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவருக்கே கண் கலங்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் பக்தி அவ்வளவு பெரியது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது முடிச்சு போட்ட வாரத்தில் சோதனைக்கு வந்தார்கள். மத்தியானம். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்து, நான் உலை வைத்திருந்தேன். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஐந்தாறு மாத்தாக்கள், போலீஸ்காரர்களை அப்படித்தான் சொல்வோம், அவர்களில் தமிழ் பேசுகிறவர் ஒருவர். வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டில் விறகைச் சரித்ததும் டின் வந்தது. டின்னைக் கவிழ்த்ததும் ஐந்து முடிச்சு வரிசையாக உருண்டன. வேலிக்கு மேலே எறிவதற்கென்றே கட்டி வைத்தது என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள், நானே சொல்லியிருப்பேன். அதிகாரி ஒரு முடிச்சைக் கையில் எடுத்து அந்தக் கரிச் சிலுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது யாருக்கு அடையாளம் என்று கேட்கச் சொன்னார். அந்த வெள்ளைக்காரரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவராகத்தான் இருந்திருப்பார்.

யாருடையது என்று அந்தத் தமிழ்ப் போலீஸ்காரர் கேட்டார். என் புருஷன் முடிச்சுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் கைலித் துணி அவருக்குத் தெரியாதா? அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளை என் இடுப்பில் இருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அவர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“நான்தாங்க வெச்சேன். அவங்களுக்கு ஒன்னும் தெரியாது.”

கோயில் அரிசி என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் போதகரைக் கேட்பார்கள், பிடி அரிசி வேண்டாம் என்று போதகர் எழுதின கடிதத்தை வாசித்தவரே அவர்தான். உண்மையைச் சொன்னால் என்னைக் கொண்டுபோவார்கள். வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. எனக்கு இருந்தது. இல்லை, அது நான் வைத்தது என்று ஒரு வரி. என் நாக்கு எழும்பவில்லை. பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள் என்ற ஒன்றைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அவர் கையில் விலங்கு போட்டு லாரியில் ஏற்றினார்கள். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மன் கோயில்காரி. அவள்தான் முதலில் வந்தாள். அடுப்பை அணைத்தாள், பிள்ளையை வாங்கிக்கொண்டாள், சிந்திக் கிடந்த அரிசியைப் பெருக்கினாள். எனக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து பார்த்து, “ஒங்க சாமிக்கும் கண்ணு இல்லையா?” என்றாள். எனக்கு அது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

எங்கள் சபைக்காரர்கள் சாயந்திரம் வந்தார்கள், காரணங்களோடு வந்தார்கள். ஜெபம் நடத்துகிறவருக்குச் சோதனை பெரிதாகத்தான் வரும் என்றார் ஒருவர். உள்ளே ஏதோ பாவம் இருந்திருக்கிறது, ஆண்டவர் வெளியே கொண்டுவந்துவிட்டார் என்றார் இன்னொருவர். இதிலும் ஒரு நன்மை இருக்கும் என்று பெரியம்மா சொன்னாள். எல்லாரும் என் புருஷன் காட்டுக்கு அரிசி கொடுத்தார் என்றே நம்பினார்கள். கண்ணால் பார்த்ததைத்தானே நம்புவார்கள்.

யாரிடம் கொடுத்தாய், பெயரைச் சொல் என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். சொல்ல அவரிடம் பெயர் ஏது? அவர் பேசாமல் இருந்ததைத் திமிர் என்று எழுதிக்கொண்டார்கள். அவரை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றப் போகிறார்கள் என்று கிராணியார்தான் வந்து சொன்னார். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், அவரும் வேதக்காரர், மலாக்காவில் இங்கிலீஷ் ஆராதனைக்குப் போகிறவர். கோயில் அரிசி என்று போதகர் ஒரு கடிதம் கொடுத்தால் தான் மனு எழுதித் தருவதாகச் சொன்னார். நான் பாஸ் வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலாக்காவுக்குப் போனேன். போதகர் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். தான் அனுப்பிய கடிதத்தின் நகல் போலீஸ் கையில் இருக்கிறது, இப்போது மாற்றிச் சொன்னால் சபையே மாட்டிக்கொள்ளும் என்றார். நல்ல மனிதன் என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறேன் என்றார். நிஜமாக நடந்தது வேறு ஏதாவது இருந்தால் சொல்லம்மா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இல்லை ஐயா என்றேன்.

மூன்று வாரம் அப்படியே போனது. இரண்டு தடவை ஜாசின் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகக் கேட்வரை வந்து திரும்பினேன். ஒவ்வொரு தடவையும் மனதில் ஒரே கணக்கு: நான் உள்ளே போனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? கணக்கு சரிதான், அதில் பிழையே இல்லை. ஆனால் மரத்தடியில் பால் பிடிக்கிற மங்குக் கோப்பையைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் என் புருஷன் விலங்கோடு லாரியில் ஏறினது கண்முன்னால் வரும். கடைசியில் ஒரு நாள் பிள்ளையை அக்காவிடம் கொடுத்தேன். நான் வராவிட்டால் இவளை உன் பிள்ளையாக வளர்த்துக்கொள் என்றேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை, வாங்கிக்கொண்டாள்.

அதே போலீஸ்காரர்தான் ஸ்டேஷனில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பிடி அரிசி, செத்துப்போன மகன், காய்ச்சல், கைலித் துணி, கரி. அவர் அதிகாரியிடம் மொழிபெயர்த்துச் சொன்னார். அதிகாரி எரிந்து விழவில்லை. பாவப்பட்டுப் பார்த்தார். ஏதோ சொல்லிவிட்டு ஃபைலை மூடினார்.

“எல்லாப் பொண்டாட்டிமாரும் வந்து இததான்மா சொல்றாங்க,” என்றார் போலீஸ்காரர். “நீ வெச்சதுன்னா, அன்னைக்கே ஏன் சொல்லல?”

துணியின் நிறம் சொன்னேன், எத்தனை முடிச்சு என்று சொன்னேன். அதெல்லாம் உன் வீட்டிலேயே பிரித்துக் காட்டினதுதானே என்றார். என் புருஷனிடமே கேளுங்கள் என்றேன். கேட்டாயிற்று, தான்தான் என்று கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கிறார் என்றார். அன்றைக்கு டின்னுக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். மூன்று வாரம் கழித்து அதே வார்த்தைக்கு மதிப்பு இல்லை. என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று நான் அழுதேன். போய்ப் பிள்ளையைப் பாரம்மா என்று வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார்கள்.

அவரைப் பார்க்க ஒரே ஒரு தடவை விட்டார்கள். தஞ்சோங் கிளிங் பக்கம் கடலோரமாக ஒரு தடுப்பு முகாம். இரண்டு கம்பிவேலிக்கு நடுவில் ஒரு மாத்தா நடந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். சட்டை தோளில் தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தார். பிள்ளை அவரை அடையாளம் தெரியாமல் என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். ஸ்டேஷனில் நான் சொன்னதையும் அவர்கள் நம்பாததையும் சொன்னேன். அவர் அதை முன்பே எதிர்பார்த்திருந்தார் போலிருந்தது. ஏன் அப்படி முந்திக்கொண்டீர்கள், எனக்கு இது வேண்டாமே என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். உங்களிடம் யார் கேட்டது என்றுகூடச் சொன்னேன்.

“புள்ளைக்கு ஒன்னத்தான் தெரியும். என்னைய இன்னும் சரியா தெரியாது பாரு,” என்றார்.

ஆண்டவர் ஏன் இப்படிச் செய்கிறார், அவருக்கென்று எடுத்த அரிசிதானே என்றேன். ஒன்பது குடும்பத்துக்கு ஜெபம் நடத்தினவர், ஏதாவது ஒரு வசனம் சொல்வார் என்று நினைத்தேன்.

“எனக்குத் தெரியலம்மா. தெரியலன்னுதான் தெனமும் அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன். மூத்த புள்ளைய அவர் எடுத்தது நீ பிடி எடுக்காம விட்டதுக்காக இல்ல. அத மட்டும் மனசுல இருந்து எடுத்துடு.”

நேரம் முடிந்தது என்று மாத்தா கையைக் காட்டினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று விளங்கியது. சின்ன வயதிலிருந்து நான் பாடி வந்திருக்கிறேன், எனக்காக ஒருவர் பாடுபட்டார், என் குற்றத்தை அவர் ஏற்றுக்கொண்டார் என்று. கைதட்டிப் பாடுவோம். பாட்டு முடிந்ததும் டீ குடிப்போம். குற்றம் செய்தவள் நின்று பார்க்க, ஒன்றும் செய்யாதவனை விலங்கு போட்டுக் கொண்டுபோவது எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. அது சந்தோஷமான செய்தி இல்லை. அது தாங்க முடியாத செய்தி. வேண்டாம், இறங்கி வா, நான் செய்ததற்கு நானே ஏறிக்கொள்கிறேன் என்றுதான் கத்தத் தோன்றும். சிலுவையில் தொங்கினவரும் துன்பத்துக்குக் காரணம் சொல்லவில்லை. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவரே கேட்டார், அவருக்கும் மேலிருந்து பதில் வரவில்லை. சபையில் பதில் சொல்ல முந்திக்கொள்கிறவர்கள் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு வேதத்தில் நம்ப முடிகிற இடம் அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் சபைக்குப் போய் வருகிறேன், சண்டை போட்டுக்கொண்டே.

குடும்பமும் கூடவே கப்பலில் போகலாம் என்று ஒரு தாள் வந்தது. நான் உடனே கையெழுத்துக்குப் பதில் விரலை வைத்தேன். ஊர் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, ஆனாலும் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டினேன். பிள்ளைக்குப் பாவாடை தைத்தேன். அங்கே போனதும் அவர் ஊர்க்காரர்கள் முன்னால் நடந்ததைச் சொல்லிவிடலாம், அங்கேயாவது நம்புவார்கள் என்று இருந்தேன். கப்பலுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது பெரட்டு முடிந்து கிராணியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றுக்கடுப்பாம், நாலு நாள் கிடந்தாராம். எனக்குச் சொல்லி அனுப்புவதற்குள் முடிந்துவிட்டது.

மலாக்காவில் அடக்கம் செய்தோம். தோட்டத்திலிருந்து பாஸ் கிடைத்த ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். போதகர் பெட்டிக்கு முன்னால் நின்று, மனிதன் தவறுகிறவன், ஆண்டவர் மன்னிக்கிறவர் என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் எழுந்து பேசினேன். அரிசி நான் வைத்தது, கடிதத்தை வாசித்தபிறகும் நான் வைத்தேன், அவருக்குத் தெரியாமல் வைத்தேன், அவர் எனக்காகப் போனார் என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு பெரியம்மா வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எல்லாப் பெண்களும் அழுதார்கள். புருஷனுடைய பழியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள் பார், எப்பேர்ப்பட்ட மனசு என்றார்கள். போதகரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என்னைத்தான் உதாரணம் காட்டினாராம், மனைவி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று.

இரண்டொரு வருஷத்தில் எங்கள் பக்கத்தை, காட்டுக்காரர் பயம் ஒழிந்த இடம் என்று, வெள்ளை வட்டாரமாக அறிவித்தார்கள். கேட்டில் சோதனை நின்றது. கடையில் யாரும் எவ்வளவு அரிசியும் வாங்கலாம் என்று ஆனது. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு மூட்டை தூக்கி வந்தார்கள். நான் அன்றைக்குச் சமைக்கவில்லை.

மகளைப் படிக்க வைத்தேன். டீச்சரானாள், மலாக்காவில் வீடு வாங்கி என்னையும் கூட்டி வந்தாள். பள்ளிக்கூடத்தில் காட்டுக்காரன் மகள் என்று பிள்ளைகள் அவளைச் சீண்டியதுண்டு, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அப்பாவின் படம் எதுவும் எங்களிடம் இல்லை. அவளிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். போன பெரிய வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து இருவரும் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எதையும் விடவில்லை. மூத்த பிள்ளை, பிடி, கடிதம், சிலுவைக் குறி, என் நாக்கு எழும்பாதது, எல்லாம். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சபையில சொல்லிக் கேட்டிருக்கேன்மா. போதும்மா, அப்பா செஞ்சத இனிமே ஒங்க மேல போட்டுக்காதீங்க. நான் அப்பாவ எப்பவோ மன்னிச்சிட்டேன்.”

என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். ஒரு தப்பும் செய்யாத மனிதரை அவள் மன்னித்துவிட்டாள். செய்தவள் நான் என்று நம்பினால்தானே என்னை அவள் மன்னிக்க முடியும்?